ஒற்றும் முற்றும்

நவம்பர் 1, 2021, திங்கள்

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய வகுப்பறையை இன்று திறந்தோம். வருகைப் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகள் 5-ஆம் வகுப்பு. பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தது 3-ஆம் வகுப்பில். நடுவில் ஒரு வகுப்பு கல்வித் தொலைக்காட்சியிலும் அடுத்த வீட்டுப் போனிலும் போய்விட்டது.

நவம்பர் 11

மழை. விடுமுறை.

நவம்பர் 17

சொல்வதை எழுதுதல். "அந்தப் பூனை பாலைக் குடித்தது" என்றேன். ஒரு நோட்டிலும் ஒற்று இல்லை. சுட்டுக்குப் பின்னும், 'ஐ' உருபுக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மறுபடி சொன்னால், மறுபடி 'அந்த பூனை'. வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. குழம்பில் உப்பு போட மறந்தேன்.

நவம்பர் 18

ஜன்னலோரம் தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கிவிட்டு நேற்றைய வாக்கியத்தையே சொன்னேன். தலைமையாசிரியர் பார்த்திருந்தால் திட்டுதான். முன் பெஞ்சுப் பையன் என் வாயையே பார்த்தான். பார்த்துக்கொண்டே 'ப்' போட்டான். பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். மேலுதடும் கீழுதடும் பொருந்தப் பகரம் பிறக்கும் என்று நன்னூலில் படித்ததுதான்.

டிசம்பர் 8

பத்தி எழுதுதல். தலைப்பு: பள்ளி இல்லாத நாட்கள். எல்லா நோட்டிலும் "மகிழ்ச்சியாக இருந்தோம்." ஒருவன் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியது.

கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். "அப்பா திருப்பூருக்கு போய் பனியன் கம்பெனி மூடி திரும்பி வந்து அம்மா தோட்டை அடகு வைத்து போன் வாங்கி அண்ணன் படித்து..." எச்சத்துக்கு மேல் எச்சம். எங்கும் வினைமுற்று இல்லை, புள்ளி இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்தேன். "போனார், வந்தார், வைத்தார். முடிகிற இடத்தில் புள்ளி வைக்கணும்."

"தோடு இன்னும் கடையிலதான் இருக்கு டீச்சர்."

திருத்தாமல் கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஜனவரி

மறுபடி மூடியாயிற்று.

பிப்ரவரி 1, 2022

மறுபடி திறந்தாயிற்று. அந்தப் பெண் பழைய பத்தியிலேயே தொடர்ந்திருக்கிறாள்: "பள்ளி மூடி நான் ஆயாவுடன் ஆடு மேய்க்கப் போய் பள்ளி திறந்து..."

'மேய்க்கப் போய்.' அந்த ஒற்று விதியை நான் இன்னும் நடத்தவே இல்லை.

புள்ளி பற்றி இன்று கேட்கவில்லை. நாளைக்கு ஒருமை பன்மை.