கேட்கும் உரிமை

நல்லிசையைச் செம்மையாகக் கேட்பது செல்வர்க்கு மட்டும் வாய்த்த இன்பம் என்றதோர் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கல்வி எல்லோர்க்கும் இலவசமாக வேண்டுமென்று வாதாடினோம்; 1945இல் அதனைப் பெற்றோம். ஊருக்கு ஊர் வாசிகசாலை அமைத்தோம். செவியின் பொருட்டு மட்டும் யாதொன்றும் கேளாது, கடைத்தெரு தருவதே போதுமென்று அமைந்துவிட்டோம். அண்மையில் எமது வீட்டில் முதன்முதலாக ஒரு ஸ்டீரியோ ஒலித்தொகுதியை அமைக்க முற்பட்டபோது, இந்த எண்ணத்தை உரசிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது.

"ஆசிரியச் சம்பளத்தில் இதெல்லாம் தேவைதானா?" என்று தோழர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் போக மிஞ்சுவது சொற்பம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி எவ்வாறு கரைந்தது என்பதை மாதச் சம்பளக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டு விதிகளை முதலிலேயே வகுத்துக்கொண்டோம். தவணைக்கு எதையும் வாங்குவதில்லை. ரூபா 40,000க்கு மேல் ஒரு சதமும் செலவிடுவதில்லை.

கடைத்தெருவில் முதலில் கண்ணிற் பட்டவை, வண்ண விளக்குகள் மின்னும் பெரும் பெட்டிகள். ஒன்றின் நெற்றியில் "5,000 உவாற்று பி.எம்.பி.ஓ." என்று பொறித்திருந்தது. பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் படித்தோம். அது மின்சாரத்திலிருந்து பெறும் வலு வெறும் 60 உவாற்று! அறுபதை உண்டு ஐயாயிரத்தை உமிழும் பொறி உண்டென்றால், சக்திக் காப்பு விதியைப் பாடநூலிலிருந்து அகற்ற வேண்டியதுதான். கொள்ளளவிகளில் தேங்கிய சக்தி ஒரு கணநேரத்துக்குச் சற்றே கூடுதலாக உதவலாம். எண்பது மடங்கு உதவாது. பி.எம்.பி.ஓ. என்னும் அளவைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட நியமம் எதுவுமில்லை. தொடர்ந்து தரக்கூடிய வலுவே உண்மையான அளவு. ஆயினும் அப்பொய்யெண்ணை நம்பித் தவணைப் பத்திரத்தில் ஒப்பமிடுவோர் யார்? ஒரு நாட் கூலிக்கு உழைப்போரும், பௌதிகம் படிக்க வாய்ப்பற்றோருமே. விஞ்ஞான அறிவு வகுப்பறைக்குள் அடைபட்டுக் கிடந்தால், சந்தையிற் பொய்யே ஆட்சி செய்யும்.

அப்படியானால் ஒரு சிறிய அறைக்கு எவ்வளவு வலு வேண்டும்? சாதாரணமான ஒலிபெருக்கியொன்று 1 உவாற்று வலுவைப் பெற்றால், ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 88 தெசிபெல் ஒலியைத் தரும். அதுவே உரத்த ஒலி. வலுவை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 தெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். எனவே 90 தெசிபெல் தரும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தவனுக்கு, 87 தெசிபெல் தருவதை வாங்கியவனுக்கு வேண்டிய வலுவிற் பாதியே போதும்.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்து மக்கள் ஏட்டிற் படித்தறிந்தாரல்லர். 1990இல் குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. மின்கலங்களும் தடைப்பட்ட பொருள்களாயின. அக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அச்சிறு டைனமோ தரக்கூடியது சுமார் 6 உவோற்று, 3 உவாற்று. அதிலே செய்தியும் வந்தது, பாட்டும் வந்தது. ஒருவர் சுழற்ற, வீடே சூழ்ந்திருந்து கேட்டது.

நாம் வாங்கியவற்றின் கணக்கு இது. பக்கத்துக்கு 30 உவாற்று தரும் பழைய யப்பானிய அம்பிளிபயர் ரூபா 18,000. மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டு, விளிம்புப் பஞ்சு உக்கிப்போன நிலையில், ரூபா 9,000. அவற்றுக்கு இறப்பர் விளிம்பு ஒட்டக் கூலியும் பொருளுமாக ரூபா 4,000. இறுவட்டு ஓட்டக்கூடிய பழைய டிவிடி பெட்டி ரூபா 2,500. செப்புக் கம்பி ரூபா 1,200. ஆக மொத்தம் ரூபா 34,700.

விளிம்பு ஒட்டித் தந்த தொழிலாளியின் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூம்பை நான்கு விரல்களால் மெல்ல அழுத்தி, சுருள் காந்தத்தில் உரசுகிறதா என்று செவிசாய்த்துக் கேட்டார். மயிரிழை விலகினாலும் கரகரக்குமாம். அவரிடம் பட்டமில்லை, அளவுக் கருவியுமில்லை. அம்பிளிபயரின் ஒலித்திருகு இரைந்தபோது, "புதிதாக மாற்றத் தேவையில்லை ஐயா, அழுக்குத்தான்" என்று மருந்து தெளித்துத் துடைத்துத் தந்தார். வீசி எறியச் சொல்லும் வாணிபத்துக்கு எதிராகப் பழுதுபார்க்கும் மேசையில் அமர்ந்து அன்றாடம் போராடுபவர் அவர்.

எஞ்சிய வேலைக்குப் பணம் வேண்டியதில்லை, அறிவு போதும். இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் உச்சிகளாக அமைய வேண்டும். நுண்ணொலி தரும் சிறு கூம்பு காதின் மட்டத்தில் இருத்தல் நலம். நேர், எதிர் முனைகள் ஒரு பெட்டியில் மாறினால் தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். எமது அறையின் சீமெந்துத் தரை எதிரொலித்தது. ஒரு பாயை விரித்தோம். பின்சுவரில் புத்தக அலுமாரியை நிறுத்தினோம். புத்தகங்கள் இவ்வாறும் பயன்படும்!

ஸ்டீரியோவின் கதையும் நாம் அறியத்தக்கதே. அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், படமாளிகையில் நடிகர் திரையின் ஒருபுறம் நிற்க, குரல் வேறொரு புறமிருந்து வருவதைக் கண்டு சிந்தித்தார் என்பர். 1931இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல், போர்க்கால ராடர் ஆய்வின்போது விமான விபத்தில் மாண்டார். ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் பரவலாக விற்பனைக்கு வந்ததோ 1958இல்! கண்டவன் அந்நாளைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

முதலில் நாம் கேட்டது 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். பழைய ஒலிப்பதிவாதலால் அது ஒருவழி ஒலியே; இரு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்தே வந்தது. ஆயினும் கைபேசியில் வலந்தலையின் விரற்சொற்கள் மட்டுமே கேட்ட இடத்தில், தொப்பியின் மேற் கோல் விழும் ஆழ்ந்த முழக்கம் இப்போது எழுந்தது. ஒரு பேருழைப்பாளியின் பாதி உழைப்பு இதுநாள்வரை எமக்கு மறைக்கப்பட்டிருந்தது எனலாம். தோழரின் வினாவுக்கு எமது விடை இதுவே: உழைப்பாளி படைத்த கலையை முழுமையாகக் கேட்பது ஆடம்பரமன்று, அதனை ஒருவன் தனக்கென்று பூட்டி வைப்பதே ஆடம்பரம்.

ஞாயிறு மாலைகளில் மாணவர் சிலர் வருகிறார்கள். பாயில் அமர்ந்து, அயலார்க்கு இடையூறின்றிக் கேட்கிறார்கள். மிஞ்சிய ரூபா 5,300இல் அவர்களுக்கென ஒரு பற்றாசுக்கோலும் அளவுமானியும் வாங்கியுள்ளோம். பாடசாலைகளின் களஞ்சிய அறைகளில் பழுதென்று ஒதுக்கப்பட்ட பெட்டிகள் எத்தனை தூசுபடிந்து கிடக்கின்றன! ஆசிரியர் ஒருவரும், தொழிலாளி ஒருவரும், ஆர்வமுள்ள பத்து மாணவரும் சேர்ந்தால், அவை மீண்டும் பாடும்.