பைக் ஓட்டினது யாரு?

2015-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' பார்த்தவர்களுக்கு அந்த சீன் மறந்திருக்காது. பறக்கிற விமானத்திலிருந்து பிளாக் விடோ பைக்கோடு நடுரோட்டில் இறங்குவாள். அந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். ஆனால் அந்த சீனை வைத்து வந்த சில பொம்மை செட்டுகளில் பைக்கில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? கேப்டன் அமெரிக்கா! ஓட்டியவளைக் காணோம்.

பொண்ணுங்க சூப்பர் ஹீரோ பொம்மை வாங்க மாட்டாங்க என்பது வியாபாரிகளின் பழைய கணக்கு. இது கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கதைக்குள்ளும் புகுந்துவிட்டது. 'அயர்ன் மேன் 3' (2013) படத்துக்கு முதலில் யோசித்தது பெண் வில்லியைத்தானாம். பொம்மை விற்காது என்று மாற்ற வைத்தார்கள் என இயக்குநர் ஷேன் பிளாக்கே 2016-ல் ஒரு பேட்டியில் சொன்னார். ஆக, கதைக்குப் பொம்மை இல்லை... பொம்மைக்குத்தான் கதை!

சரி, சிறுமிகளுக்கு என்றே எதுவும் வரவில்லையா? வந்தது. 2015-ல் 'டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்'. வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள் எல்லாரும் ஒரே ஸ்கூலில் படிப்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் பெயரிலேயே 'கேர்ள்ஸ்' என்று ஒட்டி, தனியாக ஒதுக்கிவிட்டார்கள். சூப்பர்மேன் எல்லாருக்கும் பொது, சூப்பர்கேர்ள் மட்டும் பொண்ணுங்களுக்கா?

பொம்மையே போடாமல் "யாரும் வாங்கலை" என்றால் எப்படிங்க? கடையில் இல்லாததை எந்தக் குழந்தை வாங்கும்? எல்லாரையும் ஒரே அலமாரியில் வையுங்கள். பையனோ பொண்ணோ, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். விற்கிறதா இல்லையா என்று அப்புறம் பேசலாம்!