அம்மாவின் அறையும் ஓர் ஊதுபத்தியும்

நிழல் தேடி ஒதுங்கும் யாழ்ப்பாணத்து வெயிலிலே வளர்ந்தவனுக்கு, வெப்பத்தை எந்தச் சுவரிலே பொருத்துவது என்ற கேள்வி ஒரு நாள் எழும் என்று யார்தான் எண்ணியிருப்பார்? இலண்டன் நகரின் புறத்தே நாங்கள் வாழும் பழைய வீட்டில் அக்கேள்வி எழுந்தது.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அம்மா எங்களோடு வாழ வந்தார். வயது எழுபத்தெட்டு. அவருக்கென ஒதுக்கிய அறை பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உடையது. அதுவரை பெட்டிகள் அடுக்கியிருந்த இடம். வெந்நீர் ஓடும் இரும்புத் தகடாகிய 'றேடியேற்றர்' அங்கே இருக்கவில்லை. பொருத்த வந்த தொழிலாளி இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று யன்னலடி, மற்றது அதற்கு எதிரேயுள்ள உட்சுவர். உட்சுவரென்றால் குழாய் குறைவு, கூலியும் குறைவு. யன்னலடியில் கட்டிலைப் போட்டால் அம்மா வெளியே பார்த்துக்கொண்டும் இருக்கலாம். கணக்குச் சரியாகவே தோன்றிற்று. உட்சுவரே என்று தீர்மானித்தேன். அவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். அதுவரைக்கும் அதே சுவரோரம் ஒரு சிறு மின்சார வெப்பமூட்டியை வைத்தேன்.

மூன்றாம் நாட்காலை அம்மா சொன்னார்: "தம்பி, இரவிலை ஆரோ என்ரை பிடரியிலை தண்ணி வாக்கிற மாதிரிக் கிடக்கு."

யன்னல் இறுக மூடியிருந்தது, இடுக்குகளையும் அடைத்திருந்தேன். முதுமையின் நடுக்கம் என்று எண்ணி இன்னொரு கம்பளியைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை அம்மா யன்னற்படியிலே சுவாமி படத்தை வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். புகை சற்றே எழுந்தது; கண்ணாடியை அணுகியதும் மடங்கிக் கீழே இறங்கி, கட்டிலின் தலைமாட்டின் மீது தவழ்ந்து சென்றது. அம்மா அதைச் சுட்டிக்காட்டி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

புகை சொன்ன பாடம் எளியது. சூடான காற்று மேலெழும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கும். உட்சுவரில் எழுந்த வெப்பக்காற்று கூரையடியாகச் சென்று, ஒற்றைக் கண்ணாடியிற் பட்டுக் குளிர்ந்து, அம்மாவின் பிடரியில் விழுந்து, தரைவழியே திரும்பியது. ஆகவே அறையின் தலை சூடாகவும் கால் குளிராகவும் இருந்தது. யன்னலடியில் வெப்பமூட்டி இருந்தாலோ, இறங்கும் குளிரை ஏறும் வெப்பம் எதிர்கொண்டு கலந்துவிடும். இரட்டைக் கண்ணாடி யன்னலுள்ள வீடுகளில் இக்குறை பெரிதும் தணியும். அங்கே உட்சுவரும் தகும். எங்களது யன்னல் அத்தகையதன்று.

முதியோருக்கு இது வெறும் சுகம் பற்றிய காரியமன்று. குளிர் நாடுகளில் வீட்டினுள்ளே குறைந்தது 18 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும் என்றும், முதியோர் போன்றோருக்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

யன்னலடியிலேயே பொருத்தச் செய்தேன். வெளிச்சுவர் வழியே வெப்பம் வீணாகாதிருக்கத் தகட்டின் பின்னே பளபளப்பான ஈயத்தாள் ஒட்டினோம். நிலம்வரை தொங்கிய திரைச்சீலையை யன்னற்படியளவாக வெட்டினோம். இல்லாவிடில் எழும் வெப்பம் திரைக்குப் பின்னே கண்ணாடியோடு போய்விடும். வெப்பத்தை அளந்து தானே திறந்து மூடும் திருகினை மறைக்காதபடி கட்டிலை உட்சுவரோரம் நகர்த்தினோம். காலைதோறும் கண்ணாடியில் வழிந்த நீரும் வெகுவாகக் குறைந்தது.

"வெளியே பார்க்க முடியாமற் போயிற்றே, அம்மா?" என்று கேட்டேன்.

"ஏன், இங்கையிருந்தும் வானம் தெரியுதுதானே? சோளகம் எந்தப் பக்கத்தாலை வரும், வாடை எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு பார்த்துத்தானே உன்ரை அப்பா வீடு கட்டினவர். நீ என்னட்டைக் கேட்டிருக்கலாம்," என்றார்.

குழாயின் நீளத்தை அளந்தேன், கூலியை எண்ணினேன். அந்த அறையிலே உறங்கப்போகிறவரை மட்டும் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் ஊதுபத்திப் புகை யன்னலோரம் நேரே மேலெழுகிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிறிது வெட்கமும் பெரிய ஆறுதலும் உண்டாகின்றன.