அத்தை கேட்ட கேள்வி

கூட்டங்களில் பேச்சாளர் பேசி முடித்ததும் தலைவர் எழுந்து, "யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம்" என்பார். உடனே என் முதுகு தானாக வளைந்துகொள்ளும். முன் வரிசைக்காரரின் தலைக்குப் பின்னால் என் தலை ஒளிந்துகொள்ளும். பத்து நாவல் எழுதியவன், மேடை ஏறிப் பேசுகிறவன், இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். மேடையில் பேசுவது பெரிய காரியமில்லை. எதிரே இருப்பவர்கள் எழுந்து போகாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். கேள்வி கேட்பது அப்படியல்ல. எனக்கு இது தெரியாது என்று நாலு பேர் நடுவில் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தச் சங்கோசத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். கணக்கு வகுப்பில் ஒருநாள் எழுந்து, கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண் வருவானேன் என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்கப்பா வாங்கின கடனை நீ வாங்கப் போகிற கடனால் பெருக்கிப் பார், புரியும்" என்றார். வகுப்பே சிரித்தது. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவருக்குக் கடன் இருப்பது அதிசயமில்லை. ஆனால் அப்பாவின் கடன் அப்போது கொஞ்சம் ஊர்ப்பேச்சாகவே ஆகியிருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கடனுக்காகவே படிப்பை விட்டேன். அதை மறந்துவிட்டேன். சிரிப்பை மறக்கவில்லை.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னை தரமணியில் கணித விஞ்ஞானத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பௌதிகப் பேராசிரியர் விடாப்பிடியாக நின்று 1962 ஜனவரியில் உண்டாக்கியது. அதற்கு முன்னால் அவர் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிவைத்து விஞ்ஞான விவாதம் நடத்திக்கொண்டிருந்தார். 1960ல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட மூதாதை இருப்பதால்தானோ என்னவோ, இந்த நிறுவனத்தாருக்கு 2016ல் ஒரு நல்ல யோசனை தோன்றிற்று. மியூசிக் அகாடமி சபையை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், விஞ்ஞானிகள் நாலு பேரை ஒருவர் பின் ஒருவராகப் பொதுஜனங்களுக்குப் பேசவைத்தார்கள். 'சயன்ஸ் அட் தி சபா' என்று பெயர். டிக்கெட் கிடையாது. வருகைப் பதிவு கிடையாது. எல்லாவற்றிலும் மேலாகப் பரீட்சை கிடையாது. அந்த ஏற்பாடு பிறகும் தொடர்ந்து நடந்தது. அப்படி ஒரு ஞாயிறன்றுதான் நானும் அத்தையும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

பதிப்பாளரைப் பார்க்கச் சென்னை வந்திருந்தேன். அத்தை கண் புரைக்கு வைத்தியம் செய்துகொண்டு மகள் வீட்டில் இருந்தாள். நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் முப்பது வருஷம் முட்டை பொறுக்கி, தரம் பிரித்து, ட்ரேயில் அடுக்கின கை அவளுடையது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "ராமானுஜனைப் பற்றிக்கூடப் பேசுவார்கள் போலிருக்கிறது, வருகிறீர்களா?" என்று கேட்டேன். "நம்ம தாயாரு கனவுல வந்து கணக்குச் சொல்லிக்குடுத்த பையன்தானே?" என்று உடனே புடைவை மாற்றிக்கொண்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ராமானுஜன் அந்த வகையில்தான் சொந்தம். பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம். ஆனால் குலதெய்வம் நாமக்கல் மலையடிவாரத்து நாமகிரித் தாயார். அவள் அருளால்தான் தமக்குக் கணக்குகள் தோன்றுகின்றன என்று அவர் சொல்லிவந்தார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டிக்குத் தெய்வ நம்பிக்கையே கிடையாது. அத்தையும் ஹார்டியும் சந்தித்திருந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும்.

சபைக்குள் நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இருந்தார்கள். ஆனால் பென்ஷன்காரர்களும், பள்ளிக்கூடப் பையனைக் கையில் பிடித்த தாய்மார்களும், பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்த தம்பதிகளும் அல்லவா வந்திருந்தார்கள்! யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் என்ன? ராமாயண உபந்நியாசத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட ஜனங்கள் நாம். கேட்கிற காது தயாராகத்தான் இருக்கிறது. சொல்லத்தான் ஆள் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரை கல்லூரிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவைத்து, ஊராரே உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்ட ஒன்றை நான் கண்டதில்லை.

பேச்சுக்கள் இங்கிலீஷில். நான் அத்தையின் காதோரம் குனிந்து, எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். புரியாத இடத்தில், "பெரிய விஷயம் அத்தை" என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

ஒருவர் எண்களைப் பிரிப்பதைப் பற்றிச் சொன்னார். நாலு என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நாலாகவே வைக்கலாம், மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, ஒவ்வொன்றாக நாலு. ஆக ஐந்து விதம். ஐந்துக்கு 7 விதம். பத்துக்கு 42. நூறுக்குப் போனால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கூறு போடுவது அவளுக்குத் தெரிந்த தொழில்.

இந்தத் தொகைகளின் பட்டியலைப் பார்த்த ராமானுஜன் ஒன்றைக் கண்டுபிடித்தாராம். நாலில் முடிகிற எண்ணானாலும், ஒன்பதில் முடிகிற எண்ணானாலும், அதைக் கூறு போடும் விதங்களின் தொகை தவறாமல் ஐந்தால் வகுபடும். நாலுக்கு 5, ஒன்பதுக்கு 30, பதினாலுக்கு 135, பத்தொன்பதுக்கு 490. 1919ல் நிரூபணத்தோடு வெளியிட்டார். "ஒம்பதுக்கு முப்பதா? ஒரு ட்ரே!" என்றாள் அத்தை, கொஞ்சம் உரக்கவே. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கேள்வி நேரம் வந்தது. என் முதுகு வளைந்தது. அப்போது அத்தை என் முழங்கையைத் தட்டினாள்.

"ஏங்கண்ணு, அஞ்சால வகுபடும்னா அஞ்சு கூடையில சரிசமமாப் போடலாம்னுதானே அர்த்தம்? எந்த விதம் எந்தக் கூடைக்குப் போகும்னு கேளு. பெருசு சிறுசுன்னு முட்டையைத் தரம் பிரிக்கிற மாதிரி இதுக்கும் ஒரு தரம் இருக்கோணுமில்ல?"

"சும்மா இருங்கத்தை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேள்வி பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கூடை என்பதற்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அந்தச் சபையில் கூடையைப் பற்றி எழுந்து கேட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றிற்று. மைக் எங்களைத் தாண்டிப் போயிற்று. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அதை வாங்கி, கேள்வி ஒன்றும் இல்லாமலே, தாம் படித்த புத்தகங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நேரம் முடிந்தது.

ஆட்டோவில் வரும்போது அத்தை கேட்டாள்: "நீ ஏங்கண்ணு கேக்கல?"

"இங்கிலீஷில் கேட்க வேண்டுமே அத்தை."

"அவரு மொகத்தைப் பாத்தா நம்மாளாட்டந்தானே இருந்தாரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தப் பொதுஜனப் பேச்சு வழக்கம் எங்கே பிறந்தது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். குற்ற உணர்ச்சிக்குப் புத்தகம் நல்ல மருந்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873ல், ஊர் ஊராக ஆசிரியர்களை அனுப்பி வயது வந்தவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிற்று. அதற்கு மூலகாரணமான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1867ல் இங்கிலாந்தின் வடபகுதி நகரங்களில் பெண்களுக்குப் பேசப் போனார். இளைஞரான ஆசிரியரும் பெண்களும் வாய்விட்டுக் கேள்வி பதில் பேசிக்கொள்வது அந்தக் காலத்தில் அழகில்லை என்று கருதினார்கள். ஆகவே கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார். அவர்கள் பதிலை எழுதி அனுப்பினார்கள். பிறகு ராச்டேல் என்ற ஊரில் கூட்டுறவுச் சங்கத்துத் தொழிலாளர்களுக்கு வான சாஸ்திரம் சொன்னார். ஒருநாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால் படங்களை மாட்டினபடியே விட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தால், தொழிலாளர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத் தங்களுக்குள் விவாதம் செய்து, கேள்விகளோடு காத்திருக்கிறார்கள்! அதிலிருந்து, பேச்சுக்கு முன்னாலோ பின்னாலோ கேள்விக்கென்று ஒரு வகுப்பு வைப்பது வழக்கமாயிற்று. ஆணியில் மறந்துபோன படத்தால் வந்த வழக்கம். அந்த ஊர்த் தொழிலாளர்களில் என்னைப்போல் ஒரு மருமகன் இல்லாதது ஸ்டூவர்ட்டின் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தையின் கூடையையும் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் அத்தையா கேட்டார்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விஷயம் இதுதான். ராமானுஜன் தொகை ஐந்தால் வகுபடும் என்று நிரூபித்தாரே ஒழிய, எது எந்தக் கூடைக்கு என்று அந்த நிரூபணத்திலிருந்து தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1944ல், ஃப்ரீமன் டைசன் என்ற வாலிபர் கேம்பிரிட்ஜ் மாணவர் பத்திரிகை ஒன்றில் இதே கேள்வியைக் கேட்டு, ஒரு விடையையும் ஊகமாக எழுதினார். ஒவ்வொரு விதத்திலும் இருக்கும் பெரிய கூறிலிருந்து, மொத்தம் எத்தனை கூறு என்பதைக் கழி. வருவதை ஐந்தால் வகுத்து மீதியைப் பார். அந்த மீதிதான் கூடையின் நம்பர். ஐந்து கூடையும் சமமாக நிறையும் என்றார். அது சரிதான் என்று நிரூபிக்க மேலும் பத்து வருஷம் ஆயிற்று. ஆட்கின், ஸ்வின்னர்ட்டன்-டையர் என்ற இரண்டு பேர் 1954ல் செய்தார்கள். அந்த டைசன் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பௌதிக விஞ்ஞானி.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். அவளும் ஊருக்கு வந்திருந்தாள். புளியங்கொட்டை டப்பாவைக் கேட்டு வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து, நாலு நாலாக எண்ணி, ஐந்து விதத்தையும் பரப்பினேன்.

"பெரிய கூறு நாலு, கூறு ஒன்று, கழித்தால் மூன்று" என்றேன். அடுத்தது மூன்றில் இரண்டு போக ஒன்று. அடுத்தது இரண்டில் இரண்டு போகப் பூஜ்யம். நாலாவதில் இரண்டிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டியிருந்தது. நான் தயங்கினேன். கழித்தல் எண்ணை அவளுக்கு எப்படிச் சொல்வது?

"ஒண்ணு கடன் விழுது" என்றாள் அவளாகவே. "அஞ்சு கைமாத்து வாங்கிக் கடனைக் கட்டிப்போட்டா மீதி நாலு. நாலாங் கூடை." கடைசிக் கூற்றில் மூன்று கடன். "அஞ்சு வாங்கி மூணு கட்டினா ரெண்டு."

மூன்று, ஒன்று, பூஜ்யம், நாலு, இரண்டு. கூடைக்கு ஒன்றாக ஐந்தும் போய் உட்கார்ந்தன. கடனைப் பற்றி அன்று வகுப்பில் கேட்டதை யாராவது எனக்கு இந்த மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

"அத்தை, நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. அன்றைக்கு நான்தான் கேட்க விடாமல்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டைகளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதுக்குப் போட்டுப் பாக்கோணும். முப்பது விதம். எத்தனை கொட்டை வேணும்?"

"இருநூற்றெழுபது."

டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். போதாது. பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டு வரச் சொன்னாள்.