மறைந்திருக்கும் திறவுகோல்

அரபு மொழியில் சாவிக்கு 'மிஃப்தாஹ்' என்று பெயர். திறத்தல் எனப் பொருள்படும் 'ஃபதஹ' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் நம் முன்னோரும் திறவுகோல் என்றே பெயரிட்டனர். சாவி என்பது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். இரு மொழியாரும் பூட்டுவதை எண்ணிப் பெயர் சூட்டவில்லை. திறக்கும் உரிமையை எண்ணியே சூட்டினர். ஒரு பொருளைத் திறக்க வல்லவர் யாரோ, அவரையே அதற்கு உரியவராக உலகம் கருதி வந்திருக்கிறது.

அத்திறவுகோல் இன்று உருவம் இழந்து நிற்கிறது. சொந்தக் காரைச் சும்மா நிறுத்தி வைக்காமல், பிறருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் முறை நகரங்களில் பரவியுள்ளது. பெங்களூரில் 2013இல் தொடங்கிய ஜூம்கார் முதலில் தன் வண்டிகளையே வாடகைக்கு விட்டது. பின்னர் தனியாரும் தம் கார்களைச் சேர்க்க வழி செய்தது. இம்மாதிரி நிறுவனங்கள் இன்னும் பல. இவற்றில் சேரும் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் சிறு கருவியொன்றைப் பொருத்துவதுண்டு. அதனுள் சிம் அட்டையும் ஜி.பி.எஸ்.ஸும் இருக்கும். கதவுப் பூட்டின் வயர்களோடு அதை இணைப்பார்கள். வாடகைக்கு எடுப்பவர் தம் கைபேசியைத் தொட்டால் கதவு திறக்கும். சில கருவிகள் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கவும் வல்லவை.

சென்னையில் வாழும் நம் சகோதரி மகன் தம் காரை இவ்வாறு ஒரு நிறுவனத்தில் சேர்த்திருந்தார். பிறகு அதை விற்க விரும்பினார். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் ஆலைகளை அடுத்துள்ள செம்மங்குப்பத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வாங்க முன்வந்தார். நமக்கு நெடுநாள் பழக்கமானவர். நம் சொல்லை நம்பியே முன்பணம் கொடுத்தார். நோயுற்ற தாயாரை நேரங்காலம் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு வண்டி தேவைப்பட்டது.

"அந்தக் கருவி என்ன ஆயிற்று?" என்று மருமகனிடம் கேட்டோம்.

"கணக்கை மூடிவிட்டேன் மாமா. அது சும்மாதான் கிடக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?"

"தெரியாமல் இருப்பதுதானே குறை!" என்றோம்.

வீடு விற்பதைப் பற்றிப் பேசும் ஷாஃபிஈ சட்ட நூல்கள், ஒப்பந்தம் முடிந்ததோடு விற்றவரின் கடமை தீர்ந்ததாகச் சொல்வதில்லை. அவர் தம் சாமான்களை அகற்றி, வாங்கியவர் தடையின்றிப் புழங்கும்படி விட்டு விலக வேண்டும். 'தக்லியா' என்பது இதற்குப் பெயர். கார் அசையும் பொருள். அதை ஒப்படைக்கும் விதி வேறு. ஆயினும் கருத்து ஒன்றே. விற்றவர் பக்கத்துப் பொருளொன்று, அதுவும் கதவைத் திறக்கும் ஆற்றலோடு, உள்ளே கிடக்குமானால் அவர் விலகிவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பதும் நபிமொழிகளில் தெளிவாக வந்துள்ளது. சும்மா கிடக்கும் கருவி ஒரு குறையா என்று கேட்கலாம். வண்டி நிற்கும்போதும் அது பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். வண்டி நிற்கும் இடத்தை எங்கோ உள்ள கணினிக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். நள்ளிரவில் தாயாரை ஏற்றிக்கொண்டு புறப்படும் மகனுக்கு எஞ்சின் கிளம்பாமற் போனால், நாளை அல்லாஹ்விடம் யார் பதில் சொல்வது?

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வயர்களை அறுத்தெறிந்துவிடலாம் என்றார். அதுவும் முறையன்று. கருவி நிறுவனத்தின் உடைமை. மேலும், அறுபடுவது எஞ்சினைத் தடுக்கும் இணைப்பாக இருந்தால் வண்டி கிளம்பாமலே போகக்கூடும். நிறுவனத்தாரோ, முன்பதிவு செய்து சென்னைக்குக் கொண்டுவந்தால் கழற்றித் தருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. மருமகனுக்குச் சலிப்பு. வாங்க இருந்தவரோ, "நீங்கள் சொன்னால் காத்திருக்கிறேன் ஐயா" என்ற ஒரு சொல்லோடு பொறுத்திருந்தார். கருவி கழன்றது, பழைய இணைப்புகள் சரிசெய்யப்பட்டன, எழுத்து மூலம் சான்றும் வந்தது. அதன் பிறகே மீதிப் பணத்தைப் பெறச் சம்மதித்தோம்.

ஹிஜ்ரி 8இல், கி.பி. 630இல், மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பி அளிக்கப்பட்டது. அவர் குலத்தாரிடமே அது இன்றும் இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பதை உலகமே அறியும். ஆகவே அது அமானத். உரியவருக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் திறவுகோலை அவ்வாறு சொல்ல இயலுமா?

பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் இக்கருவியைப் பற்றிய கேள்வி இல்லை. கேட்க வேண்டியது விற்பவரின் மனச்சான்று. வாங்குபவரும் வாய்விட்டுக் கேட்கலாம். முன்பதிவுகள் எவையும் நிலுவையில் இல்லை என்று பார்த்து, வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்கி, கருவியைக் கழற்றி, சான்று பெற்று, இரு சாவிகளாலும் கதவையும் எஞ்சினையும் சோதித்த பின்னரே கைமாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதும் நன்றன்று. அமெரிக்காவில் கெட்அரவுண்டு நிறுவனம் 2025 பிப்ரவரியில் அந்நாட்டுச் சேவையை முடித்துக்கொண்டது. நிறுவனங்கள் வரும், போகும். கழற்ற வேண்டியவர் கடையை மூடிச் சென்ற பின்னும் கருவி வண்டிக்குள்ளேயே கிடக்கும்.