மாங்கனி ஊரில் இரண்டு அம்மையார்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறதா? "அதை மட்டும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதே!" என்று உங்கள் கணவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது எச்சரிக்கை செய்கிறாரா? கவலைப்படாதீர்கள். உள்ளே காதல் கடிதம் எதுவும் இராது. பெரும்பாலும் இரும்புக்கை மாயாவிதான் இருப்பார்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகர் அவரே. பிறந்த இடம் இங்கிலாந்து, 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகை, வருஷம் 1962. மின்சாரம் பட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இந்த மாயாவியைப் பற்றி நரைத்த தலை ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒரு சமாசாரம் வெளிவரும். முதல் கதையில் அவர் நல்லவரே அல்ல! கிடைத்த சக்தியை வைத்துக் கொண்டு கொள்ளையடிக்கக் கிளம்பியவர். பிற்பாடுதான் திருந்தி, உளவாளியாகி, உலகத்தைக் காப்பாற்றினார். திருந்திய மாயாவியைப் படித்து வளர்ந்தவருக்கு அந்த முதல் கதை கையில் கிடைத்தால், "இதென்ன, எங்கள் மாயாவியை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்!" என்றுதான் முதலில் தோன்றும்.

பேட்மேன் கதையும் இதேதான். 1939-ல் அமெரிக்காவில் அவர் தோன்றியபோது இருட்டில் பதுங்கி வரும் பயங்கர உருவம். மறு வருஷமே ராபின் என்ற பையனைத் துணைக்குச் சேர்த்தார்கள். 1966-ல் டெலிவிஷனில் வந்தபோது பல வர்ண உடையோடு வேடிக்கை மனிதராகிவிட்டார். 1986-ல் ஃபிராங்க் மில்லர் என்ற சித்திரக்காரர் அவரை ஐம்பத்தைந்து வயதுக் கிழவராக, கோபக்காரராக, மறுபடி இருட்டுக்கே கொண்டு போனார். ரசிகர்களிடையே பெரிய வாதம். 'புதுமை என்ற பெயரில் அக்கிரமம்' என்றது ஒரு கட்சி. 'புதுமையாவது, மண்ணாங்கட்டியாவது! ஆதி பேட்மேனே இதுதான்' என்றது இன்னொரு கட்சி.

தலைப்பில் மாங்கனியைப் போட்டுவிட்டு ஆண்பிள்ளைகளின் பெட்டியைக் குடைகிறேனே என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இதே வழக்கு ஒரு பெண்ணின் பேரில், எத்தனையோ நூற்றாண்டுகளாக நடக்கிற ஊருக்குத்தான் உங்களை அழைத்துப் போகிறேன். கைப்பையில் ஒரு துண்டு வைத்துக் கொள்ளுங்கள். ஆனி மாதத்துக் காரைக்காலில் வியர்வை துடைக்கவும் உதவும், மாம்பழம் பிடிக்கவும் உதவும்.

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் வழியெல்லாம் வயலும் வாய்க்காலும். டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியைத் தாண்டிச் சில மைல் போனதும் தமிழ்நாடு முடிந்து, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் ஆரம்பமாகிறது. புதுச்சேரி நகரமோ வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது! பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் பிடித்த இடம். 1954 நவம்பர் முதல் தேதி வரை அவர்கள் கொடிதான் பறந்தது. சுமார் நூற்று அறுபது சதுர கிலோமீட்டர் நிலம். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். எல்லையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது என்ன கடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் அவரே காட்டுவார்.

சனிக்கிழமைகளில் கூட்டம் திருநள்ளாற்றுக்குப் போய்விடும். மஸ்தான் சாகிபு தர்காவுக்குக் கந்தூரியின்போது கூட்டம். காரைக்காலுக்கென்றே வருகிற கூட்டத்தைப் பார்க்க ஆனிப் பௌர்ணமிக்குத்தான் வர வேண்டும். கோயிலுக்குப் போகுமுன் அரசலாறு கடலில் கலக்கிற இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். இந்தக் கடல் இல்லாவிட்டால் கதையே இல்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடல் வாணிபம் செழித்த இந்த ஊரில் வணிகன் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்துப் பரமதத்தன் மாப்பிள்ளை. கடையிலிருந்து அவன் இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசியே வேறு! 'இது ஏது?' என்று கேட்கிறான். அவள் மறைக்காமல் சொல்கிறாள். 'அப்படியானால் இன்னொன்று வரவழை பார்ப்போம்' என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது.

அந்தக் கணத்திலிருந்து அவனுக்கு மனைவி இல்லை, தெய்வம்தான் இருக்கிறது. தெய்வத்தோடு யார் குடித்தனம் நடத்துவது? வாணிபம் என்று சொல்லிக் கப்பல் ஏறியவன் பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்து கொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டு போய் அவன் முன் நிறுத்தினால், புது மனைவியோடும் குழந்தையோடும் காலில் விழுகிறான். அங்கேதான் அவள் அதைக் கேட்கிறாள். 'இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதை இனி எனக்கு எதற்கு? எடுத்துக் கொள்' என்று இறைவனிடம் வேண்டுகிறாள். சதை உதிர்ந்து எலும்பும் நரம்புமாக, பேயுருவாக நிற்கிறாள். கைலாசத்தைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து ஏறுகிறாள். 'அம்மையே' என்று இறைவனே அழைக்கிறான்.

இந்தக் கதையைத்தான் ஊர் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து நடத்திக் காட்டுகிறது. புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் நடக்கும். தாம்பூலப் பை உட்பட எந்தக் குறையும் இல்லை. பிறகு பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். மாடிகளிலிருந்தும் மொட்டை மாடிகளிலிருந்தும் மாம்பழ மழை! ஒன்றா, இரண்டா, கூடை கூடையாக இறைக்கிறார்கள். கீழே ஆயிரக் கணக்கான கைகள் உயர்கின்றன. முந்தானையை விரிப்பவர்கள், குடையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள், நெற்றியில் அடி வாங்கிக் கொண்டு சிரிப்பவர்கள்! அந்தப் பழத்தைத் தின்றால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. கல்யாணமாகிப் பல வருஷமானவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக் கொள்ளாமல் பழத்தையே பார்த்தபடி நிற்பதைக் கண்டால் நமக்குக் கேலி பேசத் தோன்றாது. புனிதவதி பிள்ளை பெற்றதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. அவளிடம்தான் இவர்கள் பிள்ளை கேட்கிறார்கள்.

நெரிசலுக்கு ஒதுங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தேன். பக்கத்தில் ஓர் அப்பாயியும் காலேஜில் படிக்கும் பேத்தியும். பேத்தியின் செல்போனில் ஒரு படம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிற சோழர் காலத்துச் செப்புச் சிலை அது. ஒட்டிய வயிறு, எண்ணி விடலாம் போன்ற விலா எலும்பு, வற்றித் தொங்கும் மார்பு, கையில் தாளம். உட்கார்ந்தபடி பாடுகிற அம்மையார்.

"அப்பாயி, இதைப் பாருங்க. நெசமான அம்மையார் இவங்கதான்."

அப்பாயி ஒரு பார்வை பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா இதையா காட்டுற? அந்தா வாரா பாரு, பட்டுக் கட்டி, பூ வச்சுக்கிட்டு, மகராசியாட்டம்!"

"அவங்களே வேணாம்னு களைஞ்ச அழகு அது. கேட்டு வாங்கின உருவத்தை நாம ஏன் மறைக்கணும்?"

"அடி போடி. புருசன் விட்டுட்டுப் போனவ. வருசத்துல ஒரு நாளு நாமளாச்சும் அவளுக்குக் கலியாணம் பண்ணிப் பாக்கறமே, அது உனக்குப் பொறுக்கலையா?"

பேத்தி சட்டென்று பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. சற்றுக் கழித்து அவள், "அவங்களுக்கு அந்தக் கலியாணம் வேணுமான்னு யாராச்சும் கேட்டாங்களா அப்பாயி?" என்றாள். அதற்குள் மாடியிலிருந்து ஒரு பழம் வந்து விழ, வாதி பிரதிவாதி இருவரும் சேர்ந்து அதைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

பேத்தி சொல்வது இந்தக் காலத்துப் பேச்சு, அப்பாயி சொல்வது பழைய வழக்கம் என்றுதானே நமக்குத் தோன்றுகிறது? ஏடுகளைப் புரட்டினால் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. அம்மையார் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். அவர் பாடியவை இன்றும் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அவற்றில் மாம்பழம் இல்லை; கணவன் இல்லை; கல்யாணம் இல்லை. இடுகாடும், எரியும் நெருப்பும், கூத்தாடும் இறைவனும், பேய்க் கூட்டமும் இருக்கின்றன. தம்மையும் அவர் காரைக்கால் பேய் என்றே சொல்லிக் கொள்கிறார். எட்டாம் நூற்றாண்டில் அடியார்களின் பெயர்களை வரிசைப்படுத்திய சுந்தரரும் 'பேயார்' என்றுதான் குறிப்பிடுகிறார். கடல் கடந்து கம்போடியாவில், 967-ல் எழுந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனின் காலடியில் இருக்கும் மெலிந்த பெண்ணும் இவரே என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

நாம் அறிந்த மாங்கனிக் கதையை விரித்துச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். ஆக, துணிச்சலான புதுப் பதிப்பு யாருடையது? எலும்புக் கூட்டைக் காட்டிய பேத்தியுடையது அல்ல. சுடுகாட்டில் பாடுகிற உருவத்துக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி, அடுப்பை மூட்டி, பசியோடு வரும் கணவனை உட்கார வைத்து, 'இந்தப் பெண் பேயானது எப்படி?' என்று நமக்கு விளங்க வைத்தாரே, அவருடையது! அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மத்தியானச் சாப்பாட்டுக் காட்சி இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் அம்மையாரை அறிந்திருப்போம்? கணவன் இலையின் முன் உட்கார்ந்து 'இன்னும் இருக்கிறதா?' என்று கேட்கும்போது உள்ளே ஒன்றும் இல்லை என்றால் நெஞ்சு எப்படி அடித்துக் கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. மிரண்டு போய்க் கப்பல் ஏறியவனையும் அவர் வில்லனாக்கவில்லை, பாருங்கள்.

சினிமாக்காரர்கள் மட்டும் சமரசம் செய்து கொண்டார்கள் என்பது என் கட்சி. 1973-ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி, அம்மையாராக கே. பி. சுந்தராம்பாள். அந்தக் குரலுக்கு ஈடு இணை கிடையாது, வாஸ்தவம். ஆனால் திரையில் நாம் கண்டது நெற்றி நிறைய நீறு பூசிய, கம்பீரமான ஒரு மூதாட்டியைத்தானே? பேயுருவைப் பார்க்கும் தைரியம் நமக்கு இல்லை என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள் போலும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சிற்பிக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஊர் என்ன தீர்மானித்தது என்று கேட்டால், தீர்மானிக்கவே இல்லை. பிச்சாண்டவருக்குத் தயிர் சாதமும் மாங்கனியும் படைத்தாகிவிட்டது. பழம் பிடித்தவர்கள் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் வளையலையும் பலூனையும் மூட்டை கட்டுகிறார்கள். அதற்கும் வெகு நேரம் கழித்து, இரவு முதிர்ந்த பிறகு, பட்டையும் பூவையும் விட்டுவிட்டு அம்மையார் பேயுருவில் புறப்படுகிறார். இறைவன் எதிர்வந்து காட்சி தருகிறான். பகலில் நின்ற கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. கூச்சல் இல்லை, எதுவும் வீசப்படவில்லை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு நிற்கிற பெண்கள் கொஞ்சம் பேர், தனியாக வந்த வயதானவர்கள் கொஞ்சம் பேர். நீங்கள் போவதானால் மாம்பழத்தோடு திரும்பிவிடாதீர்கள். காரைக்காலிலேயே தங்க ஓர் அறைக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்து கொண்டு, இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் ஒரு நாள் மிச்சமிருந்தால் மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். சேக்கிழாருக்கு நூறு வருஷம் முந்தி ராஜேந்திர சோழன் எடுப்பித்த கோயில். விமானத்தின் தென்புறம் நடராஜர் ஆடும் மாடத்தைத் தேடுங்கள். எல்லாரும் ஆடுகிறவரையே பார்த்துவிட்டு நகர்ந்து விடுவார்கள். நீங்கள் சற்றுக் குனிந்து அவர் காலடியைப் பாருங்கள். பூதங்களுக்கு நடுவே, விலா எலும்பு தெரிய உட்கார்ந்து, காரைக்கால்காரி ஒருத்தி தாளம் போட்டுக் கொண்டிருப்பாள்.