பச்சை விளக்கும் வராத படமும்

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு: “பிங் வருது சார், எங்க பக்கம் எல்லாம் ஓகே.” போனில் அந்தப் பக்கம் இருப்பவர் அதற்கு மேல் என்ன பேச முடியும்? அவருக்கு ஃபைல் திறக்கவில்லை, பில் போட முடியவில்லை, எதிரில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். எங்கள் திரையிலோ எல்லாம் பச்சை. இருவரில் யாரை நம்புவது என்று கேட்டால், முதலில் அவரை நம்புங்கள் என்றுதான் சொல்வேன். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் கருவி அளந்தது ஒன்று, அவர் படும் பாடு வேறொன்று. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் எங்கள் வேலை இருக்கிறது.

பிங்கையே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் அது. ஒரு பாக்கெட்டை அனுப்பி, எதிர்முனை அதைத் திருப்பி அனுப்புகிறதா, எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும். அவ்வளவுதான். மூஸ் தன் காதில் விழுந்த ஒரு கதையைப் பிறகு எழுதிவைத்திருந்தார். ஒரு நிர்வாகிக்கு ஈதர்நெட் விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்தது. பிங்கின் ஒவ்வொரு பதிலும் ஒலியாக வரும்படி செய்து, அதை அலுவலக ஸ்டீரியோவில் இணைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாராம். எந்தக் கனெக்டரைத் தொட்டபோது சத்தம் நின்றதோ, அங்கேதான் கோளாறு. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பதில் வருகிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்குத்தான் பிங்குக்குப் பதில் தெரியும். அவருக்கும் அன்று தேவைப்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

தேவைப்படும் கேள்வி வேறாகும்போதுதான் சிக்கல். விண்டோஸில் பிங் என்று அடித்தால் போவது 32 பைட் தகவல். லினக்ஸில் 56. அந்த அளவுள்ள பாக்கெட் போய் வந்துவிட்டது என்றால், அந்த அளவுள்ள பாக்கெட் போய் வரும் என்று மட்டுமே அர்த்தம்.

தென்மாவட்டம் ஒன்றில் ஒரு மருத்துவமனையின் கிளைக்கு நாங்கள் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களெல்லாம் சென்னையில் உள்ள சர்வரில் இருக்கும். கிளைக்கு இருந்த லீஸ்டு லைனை எடுத்துவிட்டு, சாதாரண இன்டர்நெட் இணைப்பின் மேல் ஐபிசெக் டனல் போட்டார்கள். இரவே மாற்றி முடித்தாகிவிட்டது. பிங் வந்தது, கண்காணிப்புத் திரை பச்சையானது. காலையில் எக்ஸ்ரே பிரிவிலிருந்து போன்.

“சார், பேஷன்ட் பேரைப் போட்டா விவரம் வருது. படத்தை கிளிக் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு.”

“ஒரு படம்கூட வரலையா மேடம்?”

“ஒண்ணுகூட வரல சார். ஆனா இங்க எடுக்கிற படத்தை அனுப்பினா போயிடுது. சென்னைல கேட்டேன், அவங்களுக்குத் தெரியுதுன்னாங்க. அங்கிருந்து இங்க வரதுதான் வரல.”

அந்த அம்மாவுக்கு நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் எங்களுக்கு வேண்டிய இரண்டு துப்புகளையும் சொல்லிவிட்டார். சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. இங்கிருந்து போகிறது, அங்கிருந்து வரவில்லை. “நெட் ஸ்லோ” என்று ஒரு டிக்கெட்டாக இது வந்திருந்தால் இரண்டுமே காணாமல் போயிருக்கும்.

கிளைக் கணினியில் வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். 1998-இல் ஜெரால்டு கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய கருவி; போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். டிசிபி கைகுலுக்கல் சுத்தமாக முடிந்திருந்தது. படத்தைக் கேட்டு அனுப்பிய கோரிக்கை போயிருந்தது, சர்வர் அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதிலும் இருந்தது. அதன் பிறகு வந்தது ஒரே ஒரு பாக்கெட். சில நூறு பைட்தான். அதன் மேல் “முந்தைய துண்டு பிடிபடவில்லை” என்ற பொருளில் வயர்ஷார்க்கின் குறிப்பு. வரிசை எண்ணைப் பார்த்தால் அது அந்தத் தவணையின் கடைசித் துண்டு. அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய முழு அளவுத் துண்டுகள் ஒன்றுகூட இல்லை. வால் வந்து சேர்ந்திருக்கிறது, உடம்பு வரவில்லை. லைனில் பாக்கெட் உதிர்ந்தால் இப்படி அளவு பார்த்து உதிராது. பெரியவை மட்டும் விடாமல் தொலைகின்றன என்றால் வழியில் எங்கோ வாசல் குறுகியிருக்கிறது.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். டனல் தன் பங்குக்கு ஒரு தலைப்பையும் மறையாக்கத்துக்கான பைட்களையும் சேர்த்துக்கொள்வதால், உள்ளே போகும் பாக்கெட் அதைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். இதற்கு ஓர் ஏற்பாடு 1990-இலேயே ஆர்.எஃப்.சி. 1191-இல் எழுதப்பட்டிருக்கிறது. அனுப்புகிறவர் “இதைத் துண்டாக்காதே” என்று குறித்து அனுப்ப வேண்டும். நுழையாவிட்டால் வழியில் உள்ள ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, “பெரிதாக இருக்கிறது, இந்த அளவுக்குள் அனுப்பு” என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தி போய்ச் சேரும்வரை எல்லாம் நன்றாக நடக்கும்.

பிங்கையே திரும்ப எடுத்தோம். கேள்வியை மட்டும் மாற்றினோம். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட். தலைப்புகள் 28 பைட்டைச் சேர்த்தால் சரியாக 1500. கிளையிலிருந்து அடித்தபோது, துண்டாக்க வேண்டும் என்று உடனே மறுப்பு வந்தது. அளவைக் குறைத்துக்கொண்டே போனதில் 1410 வரை போனது, 1411 போகவில்லை. ஆக டனலின் அளவு 1438. அதையே சென்னை சர்வரிலிருந்து அடித்தபோது மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை. நேரம் கடந்துவிட்டது என்ற வரி மட்டும் வரிசையாக விழுந்தது. கோளாறு எங்கே என்பது அதோடு முடிவாகிவிட்டது. சர்வருக்கும் டனல் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஃபயர்வாலில், ஐசிஎம்பியில் பிங்கை மட்டும் விடு, மற்றதையெல்லாம் தடு என்று ஒரு விதி இருந்தது. பாதுகாப்புக்காக எழுதிய விதி. கண்காணிப்புக் கருவிக்கு பிங் தேவை என்பதால் அதற்கு மட்டும் வழிவிட்டிருந்தார்கள். திரை பச்சையாக இருந்ததும் படம் வராமல் போனதும் ஒரே விதியால்.

டனல் ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு துண்டில் போகும் தகவலின் உச்ச அளவை, 1360-க்கு இறுக்கினோம். அன்று பகலிலேயே படங்கள் வர ஆரம்பித்தன. ஃபயர்வால் விதியை மாற்றுவதற்குத்தான் நாளானது, அது வேறு குழுவின் பொறுப்பு. ஐசிஎம்பி முழுவதையும் ஆபத்து என்று அடைப்பது இன்றும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நான் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். நெட்வொர்க் தன் வலியைச் சொல்லும் குரல் அது.

பிங் அளவால் ஏமாற்றும் என்றால், வரைபடங்கள் சராசரியால் ஏமாற்றும். டோபியாஸ் ஓட்டிக்கர் 1995-இல் எழுதிய எம்ஆர்டிஜிதான் ஒரு லிங்கில் எவ்வளவு ட்ராஃபிக் போகிறது என்பதைப் பச்சையும் நீலமுமாக உலகத்துக்கு வரைந்து காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடம் எஸ்என்எம்பி வழியாக எண்ணியைக் கேட்டு, முந்தைய எண்ணைக் கழித்து, நேரத்தால் வகுக்கும். இன்று லிப்ரஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் எதை எடுத்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். இரண்டு நிமிடம் ஒரு லிங்க் பிதுங்கி வழிந்து, மூன்று நிமிடம் சும்மா இருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்கு வரைபடம் காட்டுவது 40 சதவீதம். “பாதிகூட ஓடலையே” என்பார் மேலாளர். அந்த இரண்டு நிமிடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தவருக்குக் குரல் துண்டு துண்டாகக் கேட்டிருக்கும். அதனால் நான் பயன்பாட்டுக் கோட்டைவிட, அந்த போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்களின் எண்ணிக்கையை முதலில் பார்ப்பேன். சராசரியில் நெரிசல் கரைந்துபோகும். கைவிடப்பட்ட ஒரு பாக்கெட் எண்ணியில் ஏறிவிட்டால் ஏறியதுதான்.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு, புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விழுவது. பழைய எண்ணிகள் 32 பிட். 429 கோடி பைட் சொச்சத்தைத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஒரு ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் அது ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கருவிக்கு நடுவில் எட்டுச் சுற்று போனது தெரியவே தெரியாது. வரைபடம் அழகாக, அமைதியாக, முற்றிலும் தவறாக வரும். 64 பிட் எண்ணியைக் கேட்கிறோமா என்பதை ஒவ்வொரு புதுக் கருவியிலும் பார்த்துவிடுவது நல்லது.

ட்ரேஸ்ரூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஐ.எஸ்.பி.யோடு நடக்கும் சண்டைகளில் பாதி அதனால்தான். வேன் ஜேகப்சன் எண்பதுகளின் இறுதியில் எழுதியது. பாக்கெட்டின் ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், ஆயுள் முடியும் இடத்து ரவுட்டரைப் பேசவைக்கும் அருமையான உத்தி. எம்டிஆர் அதையே தொடர்ந்து ஓடவிட்டு ஒவ்வொரு ரவுட்டரிலும் எவ்வளவு தொலைகிறது என்று காட்டும். நடுவில் ஆறாவது ரவுட்டரில் 60 சதவீதம் இழப்பு, ஏழிலிருந்து கடைசிவரை பூஜ்யம். இதைப் படம்பிடித்து அனுப்பி “உங்க ரவுட்டர் போச்சு” என்பார்கள். ஆறில் உண்மையிலேயே தொலைந்திருந்தால் ஏழுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்த ரவுட்டர் பாக்கெட்களைக் கடத்திவிடும் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நம் கேள்விக்குப் பதில் எழுதும் வேலையைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறது. இழப்பு ஓர் இடத்தில் ஆரம்பித்து கடைசிவரை தொடர்ந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், பதில் திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம் என்பதால், எதிர்முனையிலிருந்தும் ஒரு ட்ரேஸ் வாங்காமல் நான் யார் மீதும் பழி போடுவதில்லை.

தாமதத்துக்கு ஒரு மனக்கணக்கு கையில் இருந்தால் உதவும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே நூறு கிலோமீட்டருக்குப் போக வர ஒரு மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர்; 32 மில்லி விநாடிக்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. வழக்கமாக அதை ஒட்டி இருப்பது ஒரு நாள் திடீரென்று பல மடங்கானால், ரவுட்டரைத் திட்டுவதில் பயனில்லை. கேபிள் அறுந்து ட்ராஃபிக் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

“வழக்கமாக” என்றேனே, அது தெரிந்திருக்க வேண்டும் என்றால் எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் நான் விடாப்பிடியாக நிற்கும் விஷயம் இது ஒன்றுதான். ஒவ்வொரு கிளைக்கும் நல்ல நாளின் ட்ரேஸ், நல்ல நாளின் பாக்கெட் பதிவு ஒன்று, ஃபைபர் போர்ட்டில் எஸ்எஃப்பி வாங்கும் ஒளியின் அளவு, எல்லாம் தேதியோடு. ஒளியின் அளவு மிகப் பயனுள்ளது. 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. லிங்க் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஆனால் ஐப்பசி மழைக்கு ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், ரேக்கின் பின்னால் யாரோ பேட்ச் கார்டை மடக்கிக் கட்டியிருக்கலாம், கனெக்டர் முனையில் தூசி படிந்திருக்கலாம். பழைய எண் கையில் இருப்பவருக்கு மட்டும்தான் இன்றைய எண் எதையாவது சொல்லும்.

நேரம் ஒத்துப்போவதும் இதே அளவுக்கு முக்கியம். ரவுட்டர் யூடிசியிலும் சர்வர் இந்திய நேரத்திலும் லாக் எழுதினால், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மனதில் கழித்துக்கொண்டே இரவு இரண்டு மணிக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். எல்லாக் கருவியிலும் என்டிபி வைத்து, ஒரே நேரத்தில் எழுதச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மருத்துவமனைக் கிளை விவகாரத்துக்குப் பிறகு எங்கள் கண்காணிப்பில் இரண்டு சோதனைகளைக் கூட்டினோம். டனல் தாங்கும் முழு அளவு பிங், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு, இரண்டு பக்கமிருந்தும். இன்னொன்று, கிளையில் ஒரு சின்னக் கணினி குறித்த இடைவெளியில் சர்வரிலிருந்து ஒரு மாதிரிப் படத்தை முழுதாக இறக்கி, எத்தனை விநாடி ஆனது என்று எழுதிவைக்கும். இப்போதெல்லாம் காலையில் வந்ததும் நான் முதலில் திறப்பது அந்த விநாடிகளின் வரிசையைத்தான், பச்சைத் திரையை அல்ல.

வைஃபை மட்டும் இன்னும் கைக்குள் வரவில்லை. அக்சஸ் பாயின்ட் உயிரோடு இருக்கிறது என்று வயர் பக்கமிருந்து எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கும் வார்டு மூலையில் நர்ஸ் தள்ளிக்கொண்டு போகும் டேப்லெட்டுக்கும் நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்புக் கதவு, பக்கத்துக் கட்டடத்தின் அதே சேனல் எல்லாம் இருக்கின்றன. அங்கே நிற்கும் ஒன்றுதான் அங்கே கேட்பதைச் சொல்ல முடியும். அதே மாதிரிச் சின்னக் கணினியை வைஃபையில் இணைத்து மூன்றாவது மாடி வார்டில் முதலில் வைப்பதாக இருக்கிறோம். எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று அங்குள்ள நர்ஸ்களிடம்தான் கேட்டிருக்கிறோம்.